'நாங்க செஞ்சோம் சார்!' - உயர்பதவி இன்டர்வியூவில் 22 வருட அனுபவசாலி சறுக்கிய இடமும், எழுந்த விதமும்

கிண்டியில் ஒரு ஹோட்டலின் மீட்டிங் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் 44 வயது மேனேஜர் ஒருவர். இன்ஜினீயரிங் முடித்த கையோடு அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் டிரெயினியாகச் சேர்ந்தவர். 22 வருடங்கள் ஓடிவிட்டன. இன்று 300 பேர் வேலை பார்க்கும் உற்பத்திப் பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது.

"மெஷின்ல ஒரு பார்ட்ல இருந்து இன்னொரு பார்ட்டுக்கு மாத்துற நேரத்தைப் பாதியா குறைச்சதா ரெஸ்யூம்ல எழுதியிருக்கீங்க. அதுல உங்க பங்கு என்ன?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"நாங்க டீமா உட்கார்ந்து பேசினோம் சார். நாங்க நல்லா பிளான் பண்ணினோம். எல்லாரும் ஒத்துழைச்சாங்க."

"சரி, அதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

மேனேஜர் சார் சிரித்தார். "எல்லாம் டீம் வொர்க்தான் சார்" என்றார். கேட்டவர் பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

40 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். மூன்று வாரங்களாகியும் போன் வரவில்லை. 'நாமளே கூப்பிட்டா வேலைக்கு அலையுற மாதிரி ஆயிடும்' என்று அவரும் கூப்பிடவில்லை. ஐந்தாவது வாரம் லிங்க்ட்இன்னைத் திறந்தபோது, அந்தப் பதவியில் வேறொருவர் சேர்ந்துவிட்ட செய்தி வாழ்த்துகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் வேண்டாம். மேனேஜர் சார் ஓர் உதாரண மனிதர்தான். ஆனால் ஓரகடம், ஓசூர், கோவை என்று தொழிற்சாலைகள் இருக்கும் ஊரிலெல்லாம் அவரைப் பார்க்கலாம். கடைசியாக இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தது 22 வயதில். வீட்டுக்கடன் இன்னும் பாதி பாக்கி. மகள் பிளஸ் டூ. இருக்கும் கம்பெனியில் இதற்கு மேல் ஏற படி இல்லை. வெளியே தேடினால், 'இந்த வயசுல யார் எடுப்பாங்க' என்ற பயம்.

இரண்டு மாதம் கழித்து, ஆட்களைத் தேடித்தரும் கன்சல்டன்ட் ஒருவரிடமிருந்து போன் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. ஆபரேஷன்ஸ் ஹெட் பதவி. இன்டர்வியூவுக்கு இன்னும் 12 நாள்கள். இந்த முறை மேனேஜர் சார் என்ன செய்தார் என்பதுதான் இந்த வாரக் கதை.

நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது?

புதிதாகப் படித்து முடித்தவரிடம் 'உனக்கு இது தெரியுமா?' என்று கேட்பார்கள். 20 வருட அனுபவம் உள்ளவரிடம் அதைக் கேட்பது குறைவு. வேலை தெரிந்தவர் என்று ரெஸ்யூமைப் பார்த்து முடிவு செய்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். எதிரே இருப்பவர்கள் மனதில் ஓடுவது வேறு. 'எங்களுக்கு ஒரு தலைவலி இருக்கிறது. இவரிடம் கொடுத்தால் தீருமா?'

அந்தத் தலைவலி என்ன என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வீட்டுப்பாடம். பழைய ஆள் ஓய்வு பெற்றாரா, பாதியில் போனாரா, புதிய பிளான்ட் வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் தயாராகும் விதம் வேறு. மேனேஜர் சார் கன்சல்டன்ட்டிடமே நேராகக் கேட்டார். "மூணு வருஷத்துல ரெண்டு பேர் மாறிட்டாங்க சார். தரப் பிரச்னையால ஒரு பெரிய கஸ்டமர் கோபத்துல இருக்காங்க" என்று பதில் வந்தது. இதைக் கேட்க செலவானது ஒரு போன் கால். முதல் இன்டர்வியூவுக்கு முன்னால் இதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

எத்தனை ரவுண்டு, யார் யார் உட்காருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஹெச்.ஆர், மேலதிகாரி, கடைசியில் எம்.டி என்று போவது வழக்கம். குடும்பம் நடத்தும் கம்பெனி என்றால் கடைசி ரவுண்டில் அப்பாவும் மகனும் சேர்ந்தே உட்காரலாம். அப்பா ஆட்களைப் பற்றிக் கேட்பார். மகன் எண்களைக் கேட்பார். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

கம்பெனிக்கும் ஜாதகம் உண்டு

பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்காமல் யாரும் கிளம்புவதில்லை. அடுத்த பத்து வருடத்தைக் கொடுக்கப் போகும் கம்பெனியைப் பற்றி மட்டும், அதன் வெப்சைட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஜாதகம் கையிலேயே இருக்கிறது. ஆண்டறிக்கையில் 'நிர்வாகத்தின் கருத்துகளும் ஆய்வும்' என்ற பகுதியைப் படித்தால் எதில் பணம் போடுகிறார்கள், எதைப் பார்த்து பயப்படுகிறார்கள் என்பது புரியும். காலாண்டு முடிவுகளுக்குப் பிறகு முதலீட்டாளர்களோடு பேசும் கூட்டங்களின் எழுத்து வடிவமும் உண்டு. அத்தகைய கூட்டம் நடத்தினால் அதை 5 வேலை நாள்களுக்குள் வெப்சைட்டில் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் கட்டாயமான செபி விதி. முதலீட்டாளர்கள் எம்.டி-யைக் குடைந்து எடுத்த கேள்விகள் எல்லாம் அதில் இருக்கும். இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல நோட்ஸ் கிடைக்காது.

இன்னொரு தகவல் பலருக்குத் தெரியாது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 'பி.ஆர்.எஸ்.ஆர்' என்ற பொறுப்புடைமை அறிக்கையை வெளியிட வேண்டும். ஊழியர்கள் எத்தனை சதவிகிதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்ற மூன்று வருடக் கணக்கு அதில் வரும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கையில், ஊழியர்களின் இடைநிலைச் சம்பளம் அந்த வருடம் எத்தனை சதவிகிதம் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளப் பேச்சுக்கு முன் பார்க்க வேண்டிய எண் அது.

மேனேஜர் சார் போகவிருந்த கம்பெனி பங்குச்சந்தையில் இல்லை. அதற்கும் வழி உண்டு. வங்கிக் கடனுக்காகத் தரமதிப்பீடு வாங்கிய தனியார் கம்பெனிகளைப் பற்றி கிரிசில், இக்ரா, கேர் போன்ற நிறுவனங்கள் தங்கள் வெப்சைட்டில் அறிக்கை போடுகின்றன. கம்பெனியின் பலம், பலவீனம், கடன், ஒரே கஸ்டமரை நம்பியிருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு மூன்று பக்கங்களில் கிடைக்கும். அவருக்கும் கிடைத்தது. வியாபாரத்தில் பெரும்பகுதி இரண்டே கஸ்டமர்களிடமிருந்து வருகிறது என்று அதில் இருந்தது. கன்சல்டன்ட் சொன்ன 'கோபமான கஸ்டமர்' எவ்வளவு பெரிய தலைவலி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பேப்பரில் விழுந்த 14 கோடுகள்

அடுத்தது ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மனைவி கேள்வி கேட்க, மேனேஜர் சார் பதில் சொன்னார். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பேப்பரில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே வந்தாள். முடிந்ததும் நீட்டினாள்.

"அப்பா, நீங்க 14 தடவை 'நாங்க'ன்னு சொன்னீங்க. 'நான்'னு ஒரு தடவைகூட சொல்லல."

"நான் நான்னு சொன்னா தற்பெருமை மாதிரி இருக்காதாடா?"

"ஏங்க, உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கத்தானே கூப்பிடுறாங்க? நீங்க சொல்லலைன்னா அவங்களுக்கு யார் சொல்லுவா?" என்றார் மனைவி.

தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு வரும் சிக்கல் இது. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் இதற்கு விடை இருக்கிறது. தற்புகழ்ச்சி கூடாதுதான். ஆனால் நான்கு இடங்களில் தகும் என்கிறார் அவர். அரசவைக்கு எழுதி அனுப்பும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. ரெஸ்யூமும் இன்டர்வியூவும் இந்தப் பட்டியலுக்குள் அழகாக அடங்கிவிடுகின்றன!

'நான்' என்று சொல்வது அடுத்தவர் உழைப்பைத் திருடுவதாக ஆகிவிடக் கூடாது. அதற்கு ஒரு வழி, சம்பவத்தை நான்கு துண்டுகளாகப் பிரிப்பது. என்ன சூழ்நிலை, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்டார்' முறை என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அப்படிப் பிரித்து எழுதியபோது, அந்த மெஷின் கதை மேனேஜர் சாருக்கே புதிதாகத் தெரிந்தது.

'டூல் மாற்ற 90 நிமிடம் ஆனது. அடுத்த டூலை மெஷின் ஓடும்போதே தயார் செய்து வைக்கலாம் என்ற யோசனை என் சூப்பர்வைசருடையது. உற்பத்தி பாதிக்கும் என்று நிர்வாகம் தயங்கியது. ஒரே ஒரு மெஷினில் மூன்று மாதம் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியது நான். நஷ்டம் வந்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்ததும் நான். நேரம் 45 நிமிடமாகக் குறைந்தது.'

இப்படி ஆறு கதைகள் போதும். ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு மோதல், ஆட்களைக் கையாண்ட ஒன்று, பணத்தை மிச்சப்படுத்திய ஒன்று, யாரும் சொல்லாமல் தானாக எடுத்துச் செய்த ஒன்று. கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்த ஆறில் ஒன்று கைகொடுக்கும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தால்தான் அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

மூன்று சங்கடங்கள்

*"இத்தனை வருஷம் கழிச்சு ஏன் மாறணும்னு நினைக்கிறீங்க?"* பழைய முதலாளியைப் பற்றி ஒரு குறையும் வாயில் வரக் கூடாது. 'நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்' என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். கற்றுக்கொண்டதைச் சொல்லி, அடுத்து செய்ய நினைப்பதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

*"உங்களைவிட சின்ன வயசு பாஸ்கிட்ட வேலை பார்ப்பீங்களா?"* 'பார்ப்பேன் சார்' என்ற ஒற்றை வரி போதாது. இளையவர் ஒருவரிடம் ஏதாவது கற்றுக்கொண்ட சம்பவம் ஒன்றைச் சொன்னால் அந்தக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

*"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"* முதல் ரவுண்டிலேயே ஒற்றை எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். 'பொறுப்பு எவ்வளவு என்று முழுதாகத் தெரிந்த பிறகு பேசலாமே' என்று மரியாதையாகத் தள்ளிப்போடலாம். வற்புறுத்தினால், யோசித்து வைத்த ஒரு வரம்பைச் சொல்லலாம். வாங்கும் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது மட்டும் கூடாது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் பின்னால் கேட்கப்படும். எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பதை பி.எஃப் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

கடைசியில், 'எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். 'ஒண்ணும் இல்ல சார்' என்பது பணிவாகத் தோன்றலாம். எதிரே இருப்பவருக்கு அக்கறை இல்லாததுபோலத் தெரியும். மேனேஜர் சார் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு போனார். 'முதல் ஆறு மாதத்தில் எது நடந்தால் சரியான ஆளை எடுத்திருக்கிறோம் என்று நினைப்பீர்கள்? இதற்கு முன் இருந்தவர்களுக்கு எது கடினமாக இருந்தது?' மூன்றாவது கேள்விதான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. 'முடிவு எப்போது தெரியும்? இடையில் நான் யாரைத் தொடர்புகொள்ளலாம்?'

"பத்து நாள் ஆகும். ஹெச்.ஆர் மேடத்துக்கு மெயில் போடுங்க" என்றார் எம்.டி.

வெளியே வந்த பிறகுதான் பாதி வேலை

காரில் ஏறியதும் மேனேஜர் சார் வீட்டுக்குப் போன் போடவில்லை. முதலில் நோட்டை எடுத்தார். யார் என்ன கேட்டார்கள், எதற்குத் தடுமாறினோம், என்ன தருவதாக ஒப்புக்கொண்டோம் என்று கால் மணி நேரம் எழுதினார். ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும் விஷயங்கள் இவை.

அடுத்த நாள் காலை ஒரு மெயில். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்வது பலரும் செய்வதுதான். அதோடு நிறுத்தாமல், பேச்சில் வந்த ஒரு விஷயத்தைத் தொட்டுப் பேசினால் அந்த மெயில் நினைவில் நிற்கும். அவர் எழுதியதன் சாரம் இதுதான்:

'நேற்று, கஸ்டமர் திருப்பி அனுப்பும் பார்ட்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். என் பதில் முழுமையாக இல்லை என்று பிறகு தோன்றியது. முதல் 30 நாளில் நான் எதையும் மாற்ற மாட்டேன். திரும்பி வந்த பார்ட்டுகளை வகை பிரித்து, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்று பார்ப்பேன். அதன் பிறகே திட்டம். கஸ்டமரை நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் முதல் வாரத்திலேயே செய்வேன்.'

ஆறேழு வரிகள். சரியாகச் சொல்லாத ஒரு பதிலைத் திருத்திக்கொள்ள இன்டர்வியூவுக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் ரகசிய எண்களோ, ஆவணங்களோ இந்த மெயிலில் போகக் கூடாது. இன்று அங்கிருந்து எடுத்துக் கொடுப்பவர் நாளை இங்கிருந்தும் எடுப்பார் என்று நினைக்க அதுவே காரணமாகிவிடும்.

அலைவது வேறு, விசாரிப்பது வேறு

பத்து நாள் முடிந்தது. பதில் இல்லை. மேனேஜர் சாரின் பழைய தயக்கம் திரும்பி வந்தது. 'வேண்டாம்னு முடிவு பண்ணியிருப்பாங்க. நாம எதுக்குப் போய்க் கேட்கணும்?'

உயர்பதவிக்கு ஆள் எடுப்பதில் தாமதம் சகஜம். எம்.டி ஊரில் இருக்க மாட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இன்னொருவர் விடுப்பில் இருப்பார். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, தீபாவளி, பொங்கல் எல்லாம் குறுக்கே வரும். பதில் வராததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சொன்ன தேதி தாண்டி இரண்டு, மூன்று வேலை நாள் பொறுத்து ஒரு மெயில். அதற்கும் ஒரு வாரம் பதில் இல்லை என்றால் ஒரு போன். கன்சல்டன்ட் வழியாக வந்த வேலை என்றால் அவர் மூலமாகவே கேட்பது முறை. அதன் பிறகு மனதை அடுத்த வாய்ப்புக்குத் திருப்பிவிடலாம். எம்.டி-யின் வாட்ஸ்அப்புக்கு ராத்திரி பத்து மணிக்கு 'ஏதாவது அப்டேட் சார்?' என்று அனுப்பினால் அதுதான் அலைவது. அவர்களே சொன்ன தேதிக்குப் பிறகு, அவர்களே காட்டிய ஆளிடம் ஒருமுறை கேட்பது விசாரிப்பு. அதில் மானக்குறைவு எதுவும் இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஒரு வேலை உண்டு. தன்னைப் பற்றி விசாரித்தால் நல்ல வார்த்தை சொல்லக்கூடிய மூன்று பேரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது. பழைய பாஸ், பழைய கஸ்டமர், தனக்குக் கீழே வேலை பார்த்து வேறு இடம் போனவர் என்று இருந்தால் நல்லது. இப்போதைய மேலதிகாரியிடம் விசாரிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். வெளியே தேடுவது அவருக்குத் தெரிந்தால் இருக்கும் வேலைக்கும் சங்கடம்.

வேலை கிடைத்துவிட்டதாக வாய்வார்த்தை வந்தால் ராஜினாமா கடிதத்தைத் தொடக் கூடாது. கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் வரட்டும். அதில் நோட்டீஸ் காலம், சேரும் தேதி, வேரியபிள் பே எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 90 நாள் நோட்டீஸ் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. நிஜமான கன்சல்டன்ட்டுக்குக் கட்டணம் தருவது ஆள் தேடும் கம்பெனி. 'பதிவுக் கட்டணம்', 'பாதுகாப்பு டெபாசிட்' என்று வேலை தேடுபவரிடம் பணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

மேனேஜர் சாருக்கு என்ன ஆனது?

அவர் மெயில் அனுப்பிய மறுநாளே ஹெச்.ஆரிடமிருந்து பதில் வந்தது. 'இன்னும் இருவர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு வாரம் பொறுங்கள்.' வேலை கிடைத்ததா என்று இந்தக் கட்டுரை எழுதப்படும் வரை தெரியாத நிலையிலேயே கதையை நிறுத்தலாம். நிஜ வாழ்க்கையிலும் பெரும்பாலான நாள்கள் அந்த நிலையில்தான் கழிகின்றன. ஒருவேளை 'இல்லை' என்று வந்தாலும், 'வாய்ப்புக்கு நன்றி, பின்னால் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்' என்று இரண்டு வரி எழுதுவதாக அவர் முடிவு செய்திருந்தார். தேர்வானவர் கடைசி நேரத்தில் சேராமல் போவதும் நடக்கிற விஷயம்தானே!

அதற்கிடையே அம்பத்தூரில் ஒன்று மாறியது. மாதாந்திர ரிவ்யூ கூட்டத்தில் டூல் மாற்றும் நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மேனேஜர் சார் எழுந்தார். "அந்த யோசனை முதல்ல இவரோடது" என்று பின்வரிசையில் இருந்த சூப்பர்வைசரைக் காட்டினார். அந்த மனிதர் திடுக்கிட்டு எழுந்து, "இல்ல சார், நாங்க எல்லாரும் சேர்ந்துதான்..." என்று ஆரம்பித்தார்.

"அது சரிங்க. அதுல நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர் சார்.

அடுத்த வாரம்: ஆஃபர் லெட்டரில் இருக்கும் சி.டி.சி-க்கும் கையில் வரும் சம்பளத்துக்கும் ஏன் இவ்வளவு தூரம்?